தெற்கே என்று சொல்லும் வீடு

ஜனவரி 9

அண்ணிக்கு,

அன்று மருத்துவமனை வராந்தாவில் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் துணிச்சல் போய்விடும். "அவர் மீன் பிடிக்கற இடம் உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, படகு திரும்பவில்லை என்று துறைமுக அலுவலகத்துக்கு ஓடினோமே, அங்கேயும் நான் சொல்லவில்லை. அதிகாரி மேசையில் வரைபடத்தை விரித்து, "எந்தப் பக்கமா போவாரு?" என்றார். நீங்கள் "தெற்கே" என்றீர்கள். யார் கேட்டாலும் நம் வீட்டில் சொல்கிற பதில் அது. அண்ணனும் அரை மணி நேரம் தெற்கே ஓட்டி, கரையில் நிற்பவர்களின் கண்ணுக்குப் படகு மறைந்த பிறகுதான் வளைத்து வடக்கே போவார். அங்கே அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பாறை கடலுக்கடியில் இருக்கிறது. கண்டுபிடித்த வருடம் என்னை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டினார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்க அண்ணிகிட்டகூட. அவ அண்ணனும் படகுக்காரன்" என்றார்.

அதிகாரி பென்சிலால் தெற்கே ஒரு வட்டம் போட்டார். நான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் அண்ணன் வந்துவிடுவார், நான் காட்டிக்கொடுத்தவளாகிவிடுவேன் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் அதையே நினைத்தேன். அதற்கப்புறம், இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்பதே காரணமாகிவிட்டது. மூன்றாம் நாள் மாலை ஒரு சரக்குக் கப்பல் தற்செயலாக அவரையும், ஓயாமல் பேசுவதால் ஊரே ரேடியோ என்று கூப்பிடும் அவர் படகுக் கூட்டாளியையும் வடக்கே பார்த்தது. கயிறு அறுத்த காயம் மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறாமல் இருந்திருந்தால் வலது கையில் அந்த இரண்டு விரலும் மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன்.

மறுநாள் காலை உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். பத்து மாதமாக நீங்கள் என்னோடு பேசவில்லை. அதற்கு நான் தகுதியானவள்தான்.

ஆனால் இப்போது எழுதுவது வேறொன்றுக்காக. போன வாரம் அண்ணன் ஃபோன் செய்தார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சின்னப் படகுகளையும் பீக்கன் இல்லாமல் கடலுக்கு விட மாட்டார்களாமே. ஆபத்து வந்தால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்புகிற கருவி. "நீதான் நாள் பூரா புஸ்தகத்துக்கு நடுவுல உக்காந்திருக்கியே, இருக்கறதுலயே மலிவு எதுன்னு பார்த்துச் சொல்லு. செக்கிங்ல காட்டிட்டு மூலைல போட்டுருவேன்" என்கிறார்.

மலிவானதை நான் தேடவில்லை. ஒரு வாரமாக மதிய இடைவேளையில் இதைத்தான் படிக்கிறேன். எனக்குச் சரியென்று படுவது, படகின் ஓரத்தில் ஒரு கூட்டில் பொருத்துகிற பெரிய வகை. படகு மூழ்கினால் நாலு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீரின் அழுத்தத்தில் தானே கழன்று, மேலே மிதந்து வந்து, தானே வேலை செய்யத் தொடங்கும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். நாற்பத்தெட்டு மணி நேரம் நிற்காமல் செய்தி அனுப்பும்.

வீட்டு ஃபோனை அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் எடுப்பார் என்பதால் நீங்கள் வேலை செய்யும் ஐஸ் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் இந்த வகையை வாங்க வையுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 20

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. எடை மேசையில் வைத்துப் படித்ததில் ஓரமெல்லாம் நனைந்துவிட்டது. முதல் பக்கத்தில் நீ எழுதியதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப் போவதில்லை. இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன்.

நீ சொல்லும் பெட்டி கப்பலுக்குச் சரி. நம் படகு எப்போது மூழ்கியது? உள்ளே நுரை அடைத்த படகு அது. மூழ்காது, கவிழும். கவிழ்ந்து ஆமை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கும். உன் பெட்டி அந்த முதுகுக்கு அடியில் அரை மீட்டர் தண்ணீரில் மாட்டிக்கொண்டு கிடக்கும். அதை நாலு மீட்டர் ஆழத்துக்கு யார் பிடித்துத் தள்ளுவது, ரேடியோவா? அவர் தண்ணீருக்குள்ளும் பேசிக்கொண்டிருப்பார், வேறு வேலைக்கு நேரம் இருக்காது. நீ எழுதியதை உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால், "பார்த்தியா, படிச்சவ சொன்னாலே இப்படித்தான்" என்று சொல்லி, கடையில் கிடக்கிற பொம்மையை வாங்கி வந்திருப்பார்.

வேறு வகை இருக்கிறதா என்று பார். பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஒன்று, அவர் கை. வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டும்தான் இருக்கின்றன. அந்த இரண்டும் முழுதாக மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். யாராவது வந்தால் நானாகப் போட்டுவிடுவது போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கையால் திறக்க முடிகிற கருவி வேண்டும். ஈரத்தில், குளிரில், பயத்தில்.

இரண்டு, அது எந்நேரமும் இவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது சொல்லிக்கொண்டே இருக்குமா? இதுதான் இவருடைய பயம். "நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச இடத்தை அது வானத்துக்கே தண்டோரா போட்டுரும்" என்கிறார். தண்டோரா போடாது என்று நீ எழுதினால்தான் தொடவே செய்வார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பொத்தானை அழுத்திவிட்டுக் கடலில் கிடப்பவனுக்கு, நாம் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியுமா? மருத்துவமனையில் முதல் நாள் இவர் தூக்கத்தில் ஒன்றையே உளறினார். "தேடுறாங்களா, தேடுறாங்களா" என்று. பசியைப் பற்றி உளறவில்லை. தண்ணீரைப் பற்றிக்கூட உளறவில்லை.

அண்ணி


ஜனவரி 31

அண்ணிக்கு,

ஆமை விஷயத்தில் நான் தோற்றேன். படித்ததெல்லாம் மூழ்கும் படகுகளைப் பற்றி. கவிழ்ந்து மிதக்கும் படகு என் மனதிலேயே வரவில்லை. இத்தனைக்கும் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பாடம் படித்தேன்.

மறுபடி பார்த்தேன். நமக்குச் சரிவருவது ஆள் மேல் கட்டிக்கொள்கிற சின்ன வகை. உள்ளங்கை அளவு. படகு என்ன ஆனாலும் மனிதனோடு இருக்கும். ஆனால் தானாக எதுவும் செய்யாது. அவரே ஆன்டெனாவை நிமிர்த்தி, பொத்தானை அழுத்தி, வானம் தெரியும்படி தண்ணீருக்கு மேல் பிடித்திருக்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரம்தான் ஓடும். முதலில் இது குறைச்சலாகத் தெரிந்தது. பிறகு யோசித்தேன். இடத்தைச் சில நிமிடத்தில் நூறு மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும் கருவிக்கு இரண்டாவது நாள் தேவைப்படாது. வாங்கும்போது இடம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கும். அது ஐந்து கிலோமீட்டர் முன்னே பின்னே காட்டும். பக்கத்துக் கப்பல்களுக்கு மட்டும் கேட்கிற ஒரு வகையும் ஒரே மாதிரி மஞ்சளில் வருகிறது. அது வேண்டாம். வடக்கே பக்கத்தில் கப்பலே இருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: தண்டோரா போடாது. திறந்து அழுத்தும்வரை அது வெறும் பிளாஸ்டிக். அண்ணனிடம் இப்படியே சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வியோடு நாலு நாள் அலைந்தேன். விற்பவர்களின் தாள்களில் எத்தனை மணி நேரம், எத்தனை கிராம் என்றுதான் இருக்கிறது. உதவி கேட்டவனுக்குத் தெரியுமா என்று யாருமே எழுதவில்லையோ என்று நினைத்தேன். இருக்கிறது, அண்ணி. சில மாதிரிகளில் ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததும் மேலேயிருந்து ஒரு பதில் வந்து, அந்த விளக்கு மின்னத் தொடங்கும். "கேட்டுவிட்டது" என்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அந்த விளக்கு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மாதிரிகளின் எண்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அவர் கையால் திறக்க முடியுமா என்பதைத் தாளில் படித்துச் சொல்ல முடியாது. கடைக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

முதல் பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதாதது எனக்குப் புரிகிறது.

நாத்தனார்


பிப்ரவரி 12

நாத்தனாருக்கு,

நேற்று கடைக்குப் போனோம். கயிறும் இன்ஜின் ஆயிலும் விற்கிறவர்தான் இதையும் விற்கிறார். உன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டார், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போல. நான் உள்ளே போய், "ஒரு பக்கெட் தண்ணியும் சோப்பும் குடுங்க" என்றேன்.

"கை கழுவவாம்மா?"

"வழுக்கறதுக்கு."

என் வலது கையில் இரண்டு விரலை ரப்பர் பேண்டால் மடக்கிக் கட்டிக்கொண்டேன். சோப்பு நீரில் இரண்டு கையையும் முக்கினேன். உன் தாளில் இருந்த மூன்று மாதிரியையும் வரிசையாக வைக்கச் சொன்னேன். முதலாவதின் மூடியைத் திறக்க இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் பலமாக அழுத்த வேண்டும். பத்து எண்ணுவதற்குள் திறக்க முடியவில்லை. தள்ளிவைத்தேன். இரண்டாவது கையிலிருந்து வழுக்கிப் பக்கெட்டில் விழுந்தது.

"ஐயோ, அது நெஜப் பீஸும்மா!"

"கடல்ல விழற சாமான் பக்கெட்ல விழக் கூடாதா?"

"அது பாட்டுக்கு அடிச்சிருச்சுன்னா ஹெலிகாப்டர் என் கடை மேலதான் வந்து நிக்கும்."

"வரட்டும். இதுவரைக்கும் உங்க கடையைத் தேடி யாராவது வந்திருக்காங்களா?"

வாசலில் நின்றவர் சிரித்துவிட்டார். பதினோரு மாதத்துக்கப்புறம் அவர் சத்தம் போட்டுச் சிரித்துக் கேட்டேன்.

மூன்றாவதில் ஆன்டெனாவைப் பிடித்திருக்கும் பட்டையை இழுத்தால் போதும், அது தானே நிமிர்ந்துகொள்ளும். இடது கையில் பிடித்துக்கொண்டு பட்டையைப் பல்லால் இழுத்துப் பார்த்தேன். வந்தது. பொத்தான் இடது கட்டைவிரலுக்கு வாகாக இருக்கிறது. அதை மட்டும் அழுத்தவில்லை. "பல்லால இழுக்கறது சரி, முழுங்கிராத" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து அவரும் இழுத்துப் பார்த்தார். இரண்டு தடவை இழுத்தார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

நீ சொன்ன விளக்கு அதில் இருக்கிறது. இரண்டு வாங்கினோம். ஒன்று இவருக்கு, ஒன்று ரேடியோவுக்கு. ரேடியோ தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நாம பேசலாமா?" என்றார். பேச முடியாது என்றேன். "அப்ப எனக்கு எதுக்கு?" என்கிறார்.

லைஃப் ஜாக்கெட்டில் மாட்டச் சொல்லி எழுதியிருந்தது. இவர் அதைப் போட்டுக்கொண்டால்தானே? மடித்துப் போட்டு மேலே உட்காருவார். அதனால் இடுப்பு பெல்ட்டில் ஒரு பை தைத்துவிட்டேன். பெல்ட்டை மட்டும் எப்போதும் கழற்ற மாட்டார்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கருவியைப் பதிவு செய்ய ஒரு படிவம். அதில், ஆபத்து என்றால் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தங்கச்சி நம்பரைப் போடு. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார்.

"எது எல்லாம்?" என்று கேட்டேன். "போடுன்னா போடேன்" என்றார்.

போடவில்லை. உன்னிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று வைத்திருக்கிறேன். மார்ச் முடிவதற்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் படகு கரையிலேயே நிற்கும்.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

என் நம்பரைப் போடாதீர்கள்.

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அண்ணன் என்னைச் சொன்னார் என்று படித்தபோது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பொறுத்தவரை நான் வாக்குக் காப்பாற்றியவள். அதற்குப் பரிசு போலத் தருகிறார். வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது, ஆனால் கூடாது. நான் வேலை செய்வது பழைய ஏடுகளும் கிழிந்த புத்தகங்களும் இருக்கிற அறை. காலை ஒன்பது மணிக்கு ஃபோனைப் பதினான்காம் நம்பர் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குத்தான் கைக்கு வரும். அவர்கள் பத்து மணிக்கு அழைத்தால் என் ஃபோன் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த அழைப்பு எதற்கு என்று படித்தேன். கருவியே இடத்தைச் சொல்லும்போது வீட்டை எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கும் தோன்றியது. இந்தக் கருவிகளை யாராவது தெரியாமல் அழுத்திவிடுவதுதான் அதிகமாம். அதனால் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டு, படகு உண்மையிலேயே வெளியே போயிருக்கிறதா, எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். வானத்திலிருந்து வந்த இடமும் வீட்டிலிருந்து வந்த இடமும் ஒத்துப்போனால் உடனே கிளம்பிவிடலாம்.

நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கருவி வடக்கே என்று சொல்லும். வீடு தெற்கே என்று சொல்லும். கருவி பழுதா, திருட்டுப் போனதா, வேறு யார் கையிலாவது இருக்கிறதா என்று அவர்கள் விசாரிக்க ஆரம்பிப்பார்கள். நாம் பல்லால் இழுத்துப் பார்த்து வாங்கினதெல்லாம் வீண்.

ஆகவே நீங்கள்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கே என்று இந்தக் கடிதத்திலேயே ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது நான் இல்லை. அண்ணனிடம் கேளுங்கள், தயவுசெய்து. என்மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தை அவர் உயிரோடு முடிச்சுப் போட வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 3

நாத்தனாருக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எனக்குத் தெரியும்.

பதினோரு வருடமாக வாரத்துக்கு ஒரு தடவை அந்த நங்கூரத்தையும் கயிற்றையும் நான்தான் கழுவுகிறேன். தெற்கே அடியில் வெள்ளை மணல், நங்கூரத்தில் ஒட்டாது. இவர் கொண்டுவருவதில் சிவப்புக் களிமண் அப்பியிருக்கும். அது வடக்கே ஒரு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். படகுக்காரன் வீட்டில் பிறந்தவளிடம் நங்கூரத்தைக் கழுவக் கொடுத்துவிட்டு ரகசியம் காப்பாற்றுகிறவர் உன் அண்ணன் ஒருவர்தான். கழுவிய தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடப் போகிறாள் என்று பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவேன். அதுவும் அவருக்குத் தெரியாது.

துறைமுக அலுவலகத்தில் நம் பெஞ்சுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? என் அண்ணன். தேடிப் போகத் தன் படகில் டீசல் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நான் வடக்கே என்று வாயைத் திறந்தால் முதலில் கேட்பவன் அவன். நாளைக்கு இவர் திரும்பி வந்து, பெண்டாட்டி இடத்தைப் பிறந்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்பார். அதனால் தெற்கே என்றேன். அவன் நகர்ந்த பிறகு அதிகாரியிடம் தனியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் நகரவில்லை. அதிகாரிதான் போய்விட்டார். என் அண்ணன் இரண்டு நாள் கண் மூடாமல் தெற்கே தேடினான். நான் சொன்ன பொய்யைத் தேடினான்.

வராந்தாவில் உன்னிடம் ஏன் அப்படிக் கேட்டேன் தெரியுமா? நீ "தெரியும்" என்று சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக அழுதிருப்பேன். நீ தெரியாது என்றாய். பொய் சொல்கிறாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வந்த கோபம் அதற்குத்தான். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உன் முதல் கடிதத்தின் முதல் பக்கத்துக்கு இதுதான் பதில். நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு விரல் போனது.

இவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது. பத்து மாதம் நான் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேனே என்று. சாயங்காலம்வரை அந்தக் கோபம் இருந்தது. பிறகு நீங்கள் அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. அதோடு போய்விட்டது.

அண்ணனிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்களுடையதை மட்டும் சொல்லாதீர்கள். நான் எழுதிய முதல் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டு உங்கள்மேல் மட்டும் அவர் கோபப்பட்டால் என்னால் தாங்க முடியாது.

இங்கே ஒரு காரியம் செய்தேன். இரண்டாவது ஆளாக என்னைப் போடலாம், அறைக்கு வெளியே இருக்கும் மேலாளரின் மேசை ஃபோன் நம்பரில். அதற்கு அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஐந்து வருடமாக இங்கே நான் யாரிடமும் வீட்டுக் கதை பேசியதில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க ஊர்ல கடல் இருக்குன்னே நீ சொன்னதில்லையேம்மா" என்றார். பிறகு நம்பரை ஒரு அட்டையில் எழுதி, அவசரம் என்று மேலே சிவப்பு மையில் போட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "நான் லீவுல இருந்தாலும் இது இருக்கும்" என்றார்.

நாத்தனார்


மார்ச் 22

என் நாத்தனாருக்கு,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரேடியோவும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று பார்த்தேன், போகிற வழியாக இல்லை. அவர் முன்னாலேயே சொன்னேன்.

இவர், "எத்தனை வருஷமா தெரியும்?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமா."

"யார் சொன்னா?"

"உங்க நங்கூரம்."

உன் கடிதத்தைக் கொடுத்தேன். மெதுவாகத்தான் படிப்பார், உனக்குத் தெரியும். படித்துவிட்டு மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப எனக்கு மட்டும்தான் அது ரகசியம்" என்றார். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் கோபம், உன்மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ரெண்டாவது நாள் தெக்கால ஹெலிகாப்டர் தெரிஞ்சுது. ஈ மாதிரி, ரொம்பத் தூரத்துல. சுத்திட்டே இருந்துச்சு. நம்ம வீட்ல யாரும் வாயைத் திறக்கலன்னு புரிஞ்சுபோச்சு. ரேடியோகிட்ட சொன்னேன், பார்றா எங்க வீட்டு ஆளுங்களைன்னு. அன்னிக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மூணாவது நாள் அது வரல."

கடைசிப் பொத்தானைப் போட எனக்கு நேரமாயிற்று.

பிறகு அவரே படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது இடது கையால்தான் எழுதுகிறார். முதல் ஆள் இடத்தில் என் பெயர், ஐஸ் கம்பெனி நம்பரும் சேர்த்து. இரண்டாவது இடத்தில் நீயும் உன் மேலாளர் மேசையும். வழக்கமாகச் செல்லும் பகுதி என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். வடக்கு என்று எழுதினார். எழுதிவிட்டு, அலுவலகத்தில் யார் இதைப் படிப்பார்கள், வாய் நீளமான ஆளா என்று என்னைக் கேட்டார்.

நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோவை விட்டால் தினமும் அழுத்துவார். அவருடையதை நான் வாங்கி வைத்திருக்கிறேன், கிளம்பும்போது கொடுப்பேன்.

உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அவளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இருக்கும்போதே பொய் சொல்லப் பழக்கிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

லீவு கிடைத்தால் வா.

அண்ணி


ஆகஸ்ட் 19

என் நாத்தனாருக்கு,

ஃபோனில் அழுதுகொண்டே சொன்னதால் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஒழுங்காக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஐஸ் கம்பெனி ஃபோன் அடித்தது. எடை மேசையைச் சுற்றி ஏழெட்டுப் படகுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் அண்ணனும் நின்றான். மீட்பு மையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் கருவியிலிருந்து செய்தி வருகிறது, இன்றைக்கு அவர் கடலுக்குப் போயிருக்கிறாரா என்றாள்.

"போயிருக்காரு. ரெண்டு பேரு. வெள்ளைப் படகு, பச்சைப் பட்டை."

"எந்தப் பக்கம் போவாரு?"

"தெற்கே" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அவள் ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது. "நிச்சயமாத் தெற்கேயா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா, பொய். வடக்கே" என்று கத்தினேன். "வடக்கே, சிவப்புக் களி இருக்கற பாறைக்கு."

"ஏம்மா மாத்தி மாத்திச் சொல்றீங்க?"

"பழக்கம்மா, பழக்கம். வடக்கேதான். எழுதிக்கோங்க."

"சரி, கருவியும் அங்கதான் காட்டுது. கிளம்பிட்டாங்க. லைனை வெச்சுருங்க, திரும்பக் கூப்பிடறோம்" என்றாள்.

நான் வைத்துவிட்டுத் திரும்பியபோது என் அண்ணன் அங்கே இல்லை. படகை எடுக்க ஓடியிருந்தான்.

பக்கவாட்டு அலையில் படகு கவிழ்ந்திருக்கிறது. இரண்டு பேரும் அதன் முதுகில் ஏறிப் படுத்திருக்கிறார்கள். இவர் பட்டையைப் பல்லால் இழுத்தாராம். ரேடியோவுடையது அவர் பையிலேயே இருந்தது, பயத்தில் மறந்தே போய்விட்டார். விளக்கு மின்ன ஆரம்பித்ததும் இவர் அதை ரேடியோவின் கண்ணுக்கு நேரே காட்டினாராம். அதற்கப்புறம்தான் அவர் பேசவே ஆரம்பித்தாராம்.

ஒன்றே கால் மணிக்கு இரண்டு பேரையும் தூக்கினார்கள். ரேடியோவுக்குத் தோளில் அடி. இவருக்கு ஒன்றும் இல்லை. படகை இழுத்து வரும்போது இரண்டாகப் பிளந்துவிட்டது, விட்டுவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது படகுகள் வடக்கே, அந்தப் பாறையைத் தேடிப் போயின. உன் அண்ணன் என் அண்ணனுடைய படகில் போனார்.

அண்ணி